அம்மா கட்டிவைத்த வேட்டித் துணிகளை மியூனிக்குக்குக் கொண்டுபோகலாமா?

அன்புத் தங்கைக்கு,

மன்னார்குடியில் அம்மா வீட்டில் பிள்ளை பெற்று மூன்று மாதம் ஆகிறது. மார்கழி பிறப்பதற்குள் கைக்குழந்தையோடு மியூனிக் போய்க் கணவரோடு சேரப் போகிறீர்கள். அம்மா பழைய வேட்டிகளைக் கிழித்துத் துவைத்து ஒரு பெட்டி நிறைய மடித்து வைத்திருக்கிறார். கணவரோ, "இங்கே யாரும் துணி கட்டுவதில்லை, டயபர் வாங்கிக்கொள்ளலாம், பெட்டி எடையை வீணாக்காதே" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது என்று எழுதியிருக்கிறீர்கள்.

நானும் உங்கள் பக்கத்துக்காரிதான். நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் எங்கள் கிராமம். 2011-இல் மியூனிக் போனேன். 2013-இல் மகள், 2018-இல் மகன், இருவரையும் அங்கேதான் பெற்றேன். இப்போது விடுமுறைக்கு ஊர் வந்திருக்கிறேன். ஐப்பசி மழை நான்கு நாளாக விடவில்லை. கூடத்தில் குறுக்கே கொடி கட்டித் தம்பி குழந்தையின் துணிகள் தொங்குகின்றன. காயாதவற்றைச் சாம்பிராணிக் கூடையின் மேல் போட்டு அம்மா சூடேற்றிக்கொண்டிருக்கிறார். உங்களுக்குப் பதில் எழுத இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குக் கிடைக்காது.

முதலில் நான் ஒன்று கேட்கிறேன். இந்த மூன்று மாதமும் உங்கள் பிள்ளையின் துணியை அலசியது யார்? பிறந்த குழந்தைக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு துணி மாற்ற வேண்டியிருக்கும். நீங்கள் பத்தியச் சாப்பாடு சாப்பிட்டுப் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது, அம்மாவோ அம்மாயியோ வேலைக்கு வரும் அக்காவோ கொல்லைப்புறத்தில் குனிந்து அலசிக்கொண்டிருந்தார்கள். நம் ஊரில் துணி கட்டும் வழக்கம் இத்தனை காலம் நின்றது அந்தக் கைகளால்தான். மியூனிக்கில் மூன்றாம் மாடி வீட்டில் அந்தக் கைகள் இருக்கமாட்டா. மகள் பிறந்தபோது அம்மா வருகையாளர் விசாவில் தொண்ணூறு நாள் வந்து தங்கினார். அதுவரை எல்லாம் துணிதான். அவர் விமானம் ஏறிய மறுவாரமே நான் கைவிட்டேன். சோம்பலால் அல்ல, தூக்கமில்லாமல் ஒருத்தியாகச் செய்ய முடியவில்லை. ஆகையால் உங்கள் கணவரிடம் நீங்கள் பேச வேண்டியது பெட்டி எடையைப் பற்றி அல்ல. இரண்டு நாளுக்கு ஒருமுறை இயந்திரத்தில் போட்டு, எடுத்து, உலர்த்தி, மடிக்கும் பொறுப்பை அவர் ஏற்பாரா என்று கேளுங்கள். ஏற்றால் துணியைக் கொண்டுபோங்கள். மகன் விஷயத்தில் எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. துவைப்பது முழுக்க என் கணவரின் வேலையாக இருந்தது.

அடுத்தது காயவைக்கும் இடம். நான் பார்த்த அளவில், துணியா டயபரா என்பதைத் தீர்மானிப்பது இதுதான். மார்கழியில் மியூனிக்கில் மாலை நாலரைக்குள் இருட்டிவிடும். வெயில் என்று ஒன்று முகம் காட்டினாலும் அதில் சூடு இருக்காது. பல அடுக்குமாடிகளில் நிலவறையில் பொதுத் துணி துவைக்கும் அறை இருக்கும்; உங்கள் கட்டடத்தில் இருக்கிறதா, அங்கே கொடி கட்டலாமா என்று கணவரைப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்குள் ஈரத்துணி போட்டால் கண்ணாடியில் நீர் கோத்துக்கொள்ளும், சுவர் மூலையில் பூஞ்சணம் பிடிக்கும், வீட்டு உரிமையாளரோடு தகராறு வரும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, எவ்வளவு குளிரானாலும், ஜன்னல்களை அகலத் திறந்து ஐந்து பத்து நிமிடம் காற்றை மாற்றிவிடுங்கள். அங்கே எல்லாரும் செய்வதுதான்.

இந்த இடத்தில் உங்கள் அம்மாவின் பெட்டி ஜெயிக்கிறது. கடையில் அழகாகத் தைத்து, உள்ளே பல அடுக்கு வைத்து விற்கும் துணி டயபர்கள் குளிர்காலத்தில் எங்கள் வீட்டில் காய இரண்டு நாள் எடுத்தன. ஒற்றை அடுக்கு வேட்டித் துணியோ வெப்பமூட்டிக்கு அருகில் இரவு விரித்தால் காலையில் காய்ந்திருக்கும். விரித்த துணியில் தண்ணீரும் சோப்பும் உள்ளே வரை போகும். மடிப்புகளுக்குள் அழுக்குத் தங்காது. பாட்டி காலத்து முறை அங்குள்ள குளிருக்கும் இயந்திரத்துக்கும் இவ்வளவு ஒத்துப்போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் எல்லா வேட்டியும் உதவாது. இப்போது வரும் வேட்டிகளில் பாலியஸ்டர் கலந்தவை ஏராளம். அவை ஈரத்தை உறிஞ்சுவதில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், உடனே உள்ளே இறங்க வேண்டும். சந்தேகம் தீராவிட்டால் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் உருகிக் கறுத்த மணியாகத் திரளும். அப்பாவின் எட்டு முழ வேட்டி ஒன்றைக் கிழித்தால் ஏறக்குறைய இரண்டடிச் சதுரமாகப் பன்னிரண்டு துணி கிடைக்கும். மெல்லியதாக இருப்பதால் இரண்டை ஒன்றாக வைத்து மடிக்க வேண்டும். மூன்று மாதக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஏழெட்டு மாற்று; இரண்டு நாளைக்கு ஒருமுறை துவைப்பதாக வைத்துக்கொண்டால் நாற்பது துணி போதும். மூன்றரை வேட்டி. அதன் எடை எவ்வளவு என்று தராசில் வைத்துக் கணவருக்குச் சொல்லுங்கள். குறைந்தால் அங்கேயே குழந்தைகளுக்கான மெல்லிய மஸ்லின் சதுரங்கள் எண்பது சென்டிமீட்டர் அளவில் சோப்பு, குழந்தைப் பொருட்கள் விற்கும் 'டிரோகரி' (Drogerie) கடைகளில் கிடைக்கும்.

இடுப்பில் முடிச்சுப் போட்டுக் கட்டும் நம் பழக்கம் மட்டும் அங்கே சரிவராது. கம்பளம் விரித்த தரை, குளிருக்கு மூன்று அடுக்கு உடை. ஒருமுறை நனைந்தால் அத்தனையும் மாற்ற வேண்டும். துணியை நீளப் பட்டையாக மடித்து, மேலே கசியாத கவர் ஒன்று போடுங்கள். பாலியூரித்தேன் பூசிய துணியில் பொத்தான் வைத்து அளவை மாற்றிக்கொள்ளும்படி வரும். ஆறு இருந்தால் சமாளிக்கலாம். உள்துணியை மட்டும் மாற்றி, கவரைத் துடைத்து மறுபடி போடலாம், மலம் பட்டாலொழிய. ஆட்டுரோமக் கவரும் உண்டு; காற்றோட்டம் நன்றாக இருக்கும், விலைதான் அதிகம்.

துவைப்பதில் நான் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். மியூனிக் தண்ணீர் கடினநீர். அதில் துவைத்த துணி, நம் ஊர் போர்வெல் உப்புத்தண்ணீரில் துவைத்தது போல விறைத்து நிற்கும். மகளின் தோலுக்கு இதமாக இருக்கட்டும் என்று மென்மையாக்கும் திரவத்தை ஊற்றினேன். துணி பஞ்சுபோல ஆனது, ஆனால் ஈரத்தை ஏற்க மறுத்தது. அந்தத் திரவம் நூலின் மேல் ஒரு படலம் போலப் படிந்துவிடுகிறது என்று எனக்குத் தெரியவில்லை. கசிவு கூடியது, ஈரம் தோலோடு நின்று தொடையிடுக்கு சிவந்து புண்ணானது. அந்தக் குழந்தை அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. புண்ணுக்குப் பூசும் துத்தநாகக் களிம்பும் துணியில் ஒட்டி அதே வேலையைத்தான் செய்யும். பூசும் நாட்களில் நடுவில் ஒரு தனித் துண்டுத் துணி வையுங்கள்.

சரியான முறை எளிது. மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிடுங்கள். வாளியில் தண்ணீர் ஊற்றி ஊறப்போட வேண்டாம். மூடாத கூடையில் அப்படியே போட்டு வைத்தால் நாற்றம் குறைவு. இரண்டு நாளில் இயந்திரத்தில், முதலில் குளிர்ந்த நீரில் ஓர் அலசல், பிறகு 60 டிகிரியில் முழுத் துவைப்பு. எக்கோ என்று எழுதியிருக்கும் சிக்கன முறையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பல இயந்திரங்களில் அது 60 டிகிரியை எட்டுவதே இல்லை. சலவைத்தூள் உறையின் பின்னால் கடினநீருக்கு எவ்வளவு என்று தனியாகப் போட்டிருக்கும், அந்த அளவு போடுங்கள். விறைப்புக்கு, காயப்போடும் முன் நன்றாக உதறி, காய்ந்தபின் கையால் கசக்கினாலே போதும். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளையின் மஞ்சள் கறை கோடை வெயிலில் தானாக வெளுத்துவிடும். குளிர்காலத்தில் கறையோடு இருக்கட்டும்.

இவ்வளவு சொன்ன நான் டயபரை வெறுப்பவள் அல்ல. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது ஐந்து மாத மகனோடு இந்த வீட்டில்தான் இருந்தேன். தென்னந்தோப்புகள் சாய்ந்து கிடந்தன. இரண்டு வாரத்துக்கு மேல் மின்சாரம் இல்லை, மோட்டார் ஓடவில்லை. கைப்பம்புத் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவுமே சரியாக இருந்தது. தம்பி தஞ்சாவூர் போய் இரண்டு பெரிய பை டயபர் வாங்கி வந்தான். அந்த நாட்களில் என் பிள்ளையை அவைதான் உலர்வாக வைத்தன. டயபருக்குள் இருக்கும் சோடியம் பாலிஅக்ரிலேட் தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்துக் கூழாக்கிவிடும். அதனால்தான் இரவு முழுவதும் பிள்ளை நனையாமல் தூங்குகிறது. மியூனிக்கிலும் இரவில், ரயிலில், காய்ச்சல் நாட்களில் நான் டயபர்தான் போட்டேன். மகன் சேர்ந்த குழந்தைகள் காப்பகத்திலும் டயபர்தான் கேட்டார்கள். பகலில் வீட்டில் இருக்கும் நேரம் மட்டும் துணி என்று வைத்துக்கொண்டதால்தான் இரண்டு வருடம் நிற்க முடிந்தது.

சுற்றுச்சூழலுக்கு எது நல்லது என்றும் கேட்டிருக்கிறீர்கள். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டரை வருடத்துக்கு டயபரால் சுமார் 550 கிலோ, துணியால் சராசரியாக 570 கிலோ கரியமில வாயு என்று கணக்கு வந்தது. அதாவது துவைக்கும் முறை சரியில்லை என்றால் துணியில் லாபமே இல்லை. ஆனால் இயந்திரம் நிறையப் போட்டு, கொடியில் உலர்த்தி, அடுத்த பிள்ளைக்கும் அதே துணியைப் பயன்படுத்தினால் அந்த அளவு நாற்பது விழுக்காடு வரை குறையும். ஆகையால் உலர்த்தும் இயந்திரத்தை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

குப்பையைப் பொறுத்தவரை, அங்கே டயபர் போக வேண்டியது மறுசுழற்சிக்கு ஆகாத கழிவுக்கான தொட்டியில். மியூனிக்கில் அது எரிக்கப்படுகிறது. நம் ஊரில் நடப்பது வேறு. ஒருமுறை மேட்டூர் திறந்து வாய்க்காலில் புதுத்தண்ணீர் வந்த அன்று அப்பாவோடு மதகுக்குப் போனேன். நுரையோடு முதலில் வந்து அடைத்துக்கொண்டவை ஊதிப் பருத்த டயபர்கள். அப்பா முழங்கால் தண்ணீரில் நின்று கம்பால் ஒவ்வொன்றாக இழுத்துக் கரையில் போட்டார்; கூழ் பிதுங்கிப் பாசியோடு கலந்தது. யாரோ ஒரு தாய்க்குக் குப்பை வண்டி வராத தெருவில் வேறு வழி இல்லாமல் போயிருக்கிறது. அதனால் நீங்கள் கிளம்பும்வரை, இங்கே இருக்கும் நாட்களில் துணியையே கட்டுங்கள். மழைக்காகச் சில டயபர் போட்டாலும் தாளில் சுற்றி ஊராட்சித் தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று, இதை மறந்துவிடாதீர்கள். நம் வீடுகளில் குழந்தையின் காலை நேராக நீட்டி இறுக்கிச் சுற்றும் பழக்கம் உண்டு. அது இடுப்பு மூட்டுக்கு நல்லதல்ல. துணி தொடைகளுக்கு நடுவே இருக்கட்டும், முழங்கால் மடிந்து அகல விரியும்படி விடுங்கள். ஜெர்மனியில் பிறக்கும் குழந்தைகளுக்கு நாலைந்து வாரத்தில் இடுப்பை ஸ்கேன் செய்து பார்ப்பார்கள். உங்கள் பிள்ளைக்கு அது நடந்திருக்காது. போனவுடன் மூன்று, நான்காம் மாதத்துக்கான பரிசோதனைக்கு நேரம் வாங்கி, இடுப்பையும் பாருங்கள் என்று நீங்களாகக் கேளுங்கள்.

பயணத்துக்குப் பத்து டயபர் கைப்பையில் வையுங்கள். நாற்பது வேட்டித் துணியைப் பெரிய பெட்டியின் அடியில் விரித்து, அதன் மேல் உரைமருந்துக் கல்லையும் வடகத்தையும் வையுங்கள். துணியே மெத்தையாக இருக்கும். போய்ச் சேர்ந்ததும் நிலவறையில் கொடி உண்டா என்று எழுதுங்கள். ஜனவரி முதல் வாரம் நானும் மியூனிக் திரும்பிவிடுவேன். மகனுக்குப் போட்ட ஆறு கவர்கள் நல்ல நிலையில் இருக்கின்றன, வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.