குறைந்த விலை எலக்ட்ரிக் கிட்டார்: கழுத்தைப் பார்த்து வாங்குங்கள்

சுங்கை சிப்புட்டில் நான் கிட்டார் பழுது பார்க்கத் தொடங்கி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. தோட்டத்துப் பிள்ளைகள், தாமான் வீட்டுப் பிள்ளைகள், கோவில் திருவிழாவில் வாசிக்கும் குழுக்காரர்கள் என்று எல்லாரும் வருவார்கள். எனக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "இந்த விலைக்கு இது தகுமா?" இந்தத் தடவை அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: ஐயா, என் மகன் படிவம் 2 படிக்கிறான். ஒரு வருடமாக எலக்ட்ரிக் கிட்டார் கேட்கிறான். இணையத்தில் கிட்டார், ஆம்ப், பை, வயர் எல்லாம் சேர்த்து 399 வெள்ளி. ஈப்போ கடையில் கிட்டார் மட்டுமே 950 சொல்கிறார்கள். தொழிற்சாலை வேலை எனக்கு. இரண்டாவது தடவை வாங்கித் தர முடியாது. எதை வாங்குவது? (ஒரு தாய், தாப்பா)

பதில்: அம்மா, "இரண்டாவது தடவை வாங்கித் தர முடியாது" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மனதில் வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

இன்றைக்கு மலிவு கிட்டாரிலும் மரத்தைக் கணினி இயந்திரம்தான் வெட்டுகிறது. அதனால் பாடியும் கழுத்தும் அளவு தப்பாமல் வந்துவிடும். இயந்திரத்துக்குப் பிறகு கை வேலை இருக்கிறது. கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பித் துண்டுகளான ஃப்ரெட்டை ஒரே மட்டமாக இறக்க வேண்டும், ஓரத்தை ராவ வேண்டும், தலைப்பக்கம் கம்பி உட்காரும் நட்டில் காடி அறுக்க வேண்டும். விலை குறையும்போது முதலில் குறைவது இந்தக் கை வேலைக்குக் கொடுக்கும் நேரம்தான். படத்தில் 399 வெள்ளிக் கிட்டாரும் 950 வெள்ளிக் கிட்டாரும் ஒன்றுபோலத் தெரிவது இதனால்தான்.

போன மாதம் ஒரு பையன் இப்படி ஒரு செட்டைக் கொண்டுவந்தான். சுருதி நிற்கவே இல்லை, கம்பியை முறுக்கும் கீ மோசம், மாற்றிக் கொடுங்கள் அண்ணே என்றான். மூன்றாவது கம்பியை மெல்ல முறுக்கினேன். சுருதி ஏறாமல் அப்படியே நின்றது. அப்புறம் "டிக்" என்று நட்டில் ஒரு சத்தம், சுருதி ஒரேயடியாகத் தாவியது. கீயில் ஒரு குறையும் இல்லை. நட்டின் காடி குறுகலாக இருந்து கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது. மெல்லிய அரத்தால் நாலு இழுப்பு இழுத்துவிட்டு, காடியில் பென்சில் கரியைத் தேய்த்தேன். அதோடு சரியாகிவிட்டது. ஆனால் அந்தப் பையன் மூன்று மாதமாகத் தனக்குக் காது சரியில்லை, தனக்கு வராது என்று நினைத்துக்கொண்டிருந்தானாம். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

ஆகவே 399 என்பது 399 இல்லை. என் கடையில் செட்டப் செய்ய, அதாவது கம்பியின் உயரத்தையும் கழுத்தையும் வாசிக்கத் தோதாகச் சரிசெய்ய, 80 வெள்ளி, புதுக் கம்பி ஒரு 30. ஃப்ரெட் மட்டம் இல்லையென்றால் அதற்குத் தனியாக 150. எல்லாம் கூட்டினால் 659. செட்டோடு வரும் சின்ன ஆம்ப் படுக்கையறைக்குப் போதும், அவ்வளவுதான்.

உங்களுக்கு நான் சொல்வது மூன்றாவது வழி. கைமாறிய யமாஹா பசிஃபிகா அல்லது ஸ்குவையர் 500, 600 வெள்ளிக்குக் கிடைக்கும். பசிஃபிகா 1990-ல் இருந்தே வருகிற வரிசை. உதிரிப் பாகத்துக்கு அலைய வேண்டாம், நாளைக்கு விற்றாலும் போட்ட பணத்தில் பெரும்பகுதி திரும்பும். 399 வெள்ளிச் செட்டை விற்கப் போனால் 100 கிடைப்பதே கஷ்டம். அப்படி எதுவும் அமையவில்லை என்றால் ஈப்போ கடைக்கே போங்கள். 950-க்குள் செட்டப் செய்து தருவீர்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள். நல்ல கடைக்காரர் செய்து தருவார்.

கடையில் நீங்களே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. விரலைக் கழுத்தின் ஓரமாக மேலிருந்து கீழே ஓட்டிப் பாருங்கள். ரம்பப் பல் மாதிரி குத்தினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மகனையும் கூட்டிப் போங்கள் அம்மா. ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக முதலிலிருந்து கடைசிவரை அவன் அழுத்தி வாசிக்கட்டும். ஓரிடத்தில் சத்தம் செத்துப் போனாலோ, அடுத்த ஃப்ரெட்டின் சத்தமே கேட்டாலோ அந்தக் கிட்டார் வேண்டாம்.

கேள்வி: அண்ணே, தெரிஞ்சவர் ஒருத்தர் ஸ்குவையர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் 450 வெள்ளிக்குத் தருகிறார். முதல் மூன்று ஃப்ரெட்டில் கம்பிக்குக் கீழே பள்ளம் விழுந்திருக்கிறது. வாங்கலாமா? (சுங்கை சிப்புட்)

பதில்: தம்பி, பள்ளம் விழுந்தது கெட்ட செய்தி மட்டும் இல்லை. யாரோ ஆசையாக வாசித்த கிட்டார் அது என்றும் அர்த்தம். ஃப்ரெட் செய்யும் உலோகத்துக்கு நிக்கல் சில்வர் என்று பேர், ஆனால் அதில் வெள்ளி கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்தது. எஃகுக் கம்பி அதைவிடக் கடினம், அதனால் தேயும்.

எவ்வளவு ஆழம் என்பதுதான் விஷயம். நகத்தை ஃப்ரெட்டின் மேல் ஓட்டிப் பார். லேசாகத் தட்டினால் மட்டப்படுத்தினாலே போதும், 150-ல் முடியும். நகம் விழுந்து நின்றால் ஃப்ரெட்டையே மாற்ற வேண்டும். அதற்கு நான் 350-க்குக் குறைந்து வாங்குவதில்லை, ஒன்றரை நாள் வேலை அது. அப்போது உன் 450 எண்ணூறு ஆகிவிடும். எண்ணூறுக்கு அது தகாது. 300-க்கு இறங்கினால் யோசிக்கலாம்.

ஃப்ரெட்டைவிட முக்கியமாக ஒன்று இருக்கிறது, அதை யாரும் பார்ப்பதில்லை. கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராடு. கம்பிகளின் இழுப்புக்குக் கழுத்து வளையாமல் தாங்குவது இந்த இரும்புதான். ஒரு கையால் கம்பியை முதல் ஃப்ரெட்டிலும், இன்னொரு கையால் கழுத்து பாடியோடு சேரும் இடத்திலும் அழுத்திக்கொள். நடுவில், ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம், கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருந்தால் சரி. கிரெடிட் கார்டே நுழைந்தால் கழுத்து வளைந்திருக்கிறது. வளைந்திருந்தால் பயப்படாதே. கம்பியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, பொருத்தமான சாவியால் அவர் முன்னாலேயே ராடைக் கால் சுற்று முறுக்கிப் பார். கழுத்து அசைந்து நேரானால் நல்லது. சாவி வழுக்கினாலும், அதற்குமேல் சுற்றவே இடம் இல்லையென்றாலும், நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடு. முறுக்கவே விட மாட்டேன் என்று அவர் சொன்னாலும் அப்படித்தான்.

வால்யூம் திருகும்போது கரகரவென்று வரும் சத்தத்துக்கு விலையைக் குறைத்துக் கேள், ஆனால் அதற்காக விட்டுவிடாதே. க்ளீனர் அடித்தால் பெரும்பாலும் போய்விடும்.

கேள்வி: சைனாவில் செய்தது மட்டம், இந்தோனேசியா பரவாயில்லை, கொரியா உசத்தி என்கிறார்கள். உண்மையா? நியாத்தோ மரம் மகோகனியைவிட மட்டமா? (பாகான் செராய்)

பதில்: ஊரை வைத்துக் கிட்டாரைத் தள்ளாதீர்கள். ஸ்குவையர் கிட்டார்கள் 1982-ல் ஜப்பானில் தொடங்கின, பிறகு கொரியா, சைனா, இந்தோனேசியா என்று நகர்ந்தன. கூலியும் இயந்திரமும் எங்கே ஒத்துவருமோ அங்கே போகிறார்கள். கோர்ட் என்ற கொரியக் கம்பெனிக்கு இந்தோனேசியாவின் சுராபாயாவில் பெரிய ஆலை இருக்கிறது. தன் பேரில் மட்டும் இல்லாமல் வேறு பெரிய பேர்களுக்கும் அங்கே செய்து கொடுக்கிறது. ஆலை ஒன்றுதான். எந்த விலைக்குச் செய்யச் சொன்னார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

நியாத்தோ பற்றிக் கேட்டதில் எனக்குச் சந்தோஷம். அது நம் காட்டு மரம். மெராந்தியும் அப்படித்தான். நம் வீட்டுக் கதவுக்கும் நிலைக்கும் ஆகும் மரம் வெளியூர் போய்க் கிட்டாராகத் திரும்பி வருகிறது, நாம் அதை மட்டம் என்கிறோம்! எலக்ட்ரிக் கிட்டாரில் சத்தத்தை எடுப்பது கம்பிக்கு அடியில் இருக்கும் பிக்அப்பின் காந்தமும் செம்புச் சுருளும்தான். ஆயிரம் வெள்ளிக்குள் பாடி மரத்தின் பேருக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். எடையைப் பாருங்கள். தோளில் ஒரு மணி நேரம் தொங்கப் போவது அதுதான்.

விரல் பலகையில் ரோஸ்வுட்டுக்குப் பதிலாக லாரல் என்று போட்டிருந்தாலும் கலங்க வேண்டாம். 2017-ல் ரோஸ்வுட் வணிகத்துக்கு உலக அளவில் கட்டுப்பாடு வந்தது, அப்போது பல கம்பெனிகள் மரத்தை மாற்றின. 2019-ல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கொடுத்தார்கள். ஆனாலும் மலிவு வரிசைகளில் லாரல் தங்கிவிட்டது.

கேள்வி: இணையத்தில் கிப்சன் லெஸ் பால் புதுசு 900 வெள்ளி. ஒரிஜினல் என்கிறார். (தெலுக் இந்தான்)

பதில்: இல்லை. கிப்சன் என்ற பேரில் வரும் லெஸ் பால் அமெரிக்காவில், நாஷ்வில்லில் செய்யப்படுவது. புதுசு 900 வெள்ளிக்கு வர வழியே இல்லை. தலையில் மணி வடிவத்தில் ஒரு சின்ன மூடி இருக்கும், ஒரிஜினலில் அதற்கு இரண்டு திருகாணி. போலிகளில் அடிக்கடி மூன்றைப் பார்க்கிறேன். ஆனால் இரண்டு இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள், போலி செய்கிறவர்களும் கற்றுக்கொள்கிறார்கள். அதே கம்பெனியின் மலிவுப் பேர் எபிஃபோன். அதை அதன் பேரிலேயே வாங்குங்கள். நாளைக்கு இன்னொருவருக்கு விற்கும்போது பொய் சொல்ல வேண்டியிருக்காது.

கேள்வி: பண்டல் (பழைய பொருள்) கடையில் ஜப்பான் கிட்டார் ஒன்று, "வழக்குக் காலத்து" கிட்டார் என்று 1,200 கேட்கிறார்கள். (கோலகங்சார்)

பதில்: 1977-ல் கிப்சனின் தாய்க் கம்பெனி, ஜப்பான் கிட்டார்ப் பேரான ஐபனேஸின் அமெரிக்க விற்பனையாளர்மேல் தலை வடிவத்துக்காக வழக்குப் போட்டது. அந்த ஒரு வழக்கைப் பிடித்துக்கொண்டு அந்தக் காலத்து ஜப்பான் கிட்டார் எல்லாவற்றுக்கும் இந்தப் பேரை ஒட்டிவிடுகிறார்கள். ஜப்பானில் அப்போது அருமையான கிட்டாரும் வந்தது, ஒட்டுப்பலகை பாடியில் மட்டமானதும் வந்தது. பிக்அப்பைக் கழற்றி உள்ளே மரத்தைப் பார்க்க விடச் சொல்லுங்கள். அடுக்கு அடுக்காகத் தெரிந்தால் 1,200 அதிகம்.

கேள்வி: என் கிட்டார் ஆம்பில் போட்டாலே உம்மென்று இரைகிறது. கம்பியைத் தொட்டால் குறைகிறது. ஏமாந்துவிட்டேனா? (சிலிம் ரிவர்)

பதில்: இல்லை தம்பி. சிங்கிள் காயில் பிக்அப் அப்படித்தான் இரையும். நம் மின்சாரம் நொடிக்கு 50 தடவை மாறுகிறது, ஒற்றைச் சுருள் அதையும் சேர்த்துப் பிடிக்கும். இதற்காகத்தான் கிப்சனில் வேலை பார்த்த செத் லவர் இரண்டு சுருளை எதிரெதிராகக் கோத்து ஹம்பக்கர் செய்தார், 1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். தொட்டால் குறைகிறது என்றால் உள்ளே எர்த் வயர் சரியாக இருக்கிறது. தொட்டால் கூடினால்தான் கொண்டு வர வேண்டும்.

ஆனால் இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். திருவிழா மேடையில் ஜெனரேட்டரில் வாசிக்கும்போது, கிட்டாரைப் பிடித்தபடி மைக்கில் உதடு பட்டுச் சுருக்கென்று அடித்தால் உடனே நிறுத்து. ஆம்ப் பிளக்கில் எர்த் முள் உடைந்திருக்கலாம், அல்லது யாராவது இரண்டு முள் அடாப்டர் போட்டிருக்கலாம். பாட்டு நின்றால் நிற்கட்டும், சாமி கோபித்துக்கொள்ளாது. சரி செய்யாமல் கிட்டாரைத் தொடாதே.

கேள்வி: 400 வெள்ளிக் கிட்டாருக்கு 500 வெள்ளி பிக்அப் போட்டால் மதிப்பு கூடுமா? (பீடோர்)

பதில்: சத்தம் கூடலாம், விலை கூடாது. வாங்க வருகிறவர் 400 வெள்ளிக் கிட்டாராகத்தான் பார்ப்பார். முதலில் செட்டப், அடுத்து ஆம்ப், அதற்கப்புறமும் ஆசை இருந்தால் பிக்அப். பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். விற்கும் நாளில் அதைத் திரும்பப் போட்டுவிட்டு, புதிய பிக்அப்பைத் தனியாக விற்றுக்கொள்ளலாம்.

கேள்வி: வாங்கி ஆறு மாதத்தில் துரு ஏறிவிட்டது. கிட்டார் மட்டமா, என் கை மட்டமா? (தஞ்சோங் மாலிம்)

பதில்: இரண்டும் இல்லை, நம் ஊர்க் காற்றில் அவ்வளவு ஈரம். வாசித்து முடித்ததும் கம்பியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துப் பழைய பருத்தித் துணியால் துடையுங்கள். பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்கள். பாடியில் கம்பிகள் உட்காரும் பிரிட்ஜில் கம்பியின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் குட்டித் திருகாணிகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள், ஊசி முனையில் தொட்டு வைத்தால் போதும். அவை துருப்பிடித்து இறுகினால் பிரிட்ஜையே மாற்ற வேண்டி வரும். நிறையப் பேர் கம்பியை மட்டும் மாற்றிவிட்டு அந்தத் திருகாணிகளை மறந்துவிடுகிறார்கள்.