வாசகர் கேள்வி, எங்கள் பதில்: நாடிக்குள் போகும் குழாய்

உயர்தரத்தில் பொறியியல் தொழில்நுட்பம் படிக்கிறேன். பாடசாலைக் கண்காட்சிக்கு இதயக் கதீற்றரின் பெரிதாக்கிய மாதிரி செய்ய ஆசை. "மெல்லிய பிளாஸ்ரிக் குழாய்தானே, அதில் வடிவமைக்க என்ன இருக்கு?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். என்ன சொல்ல?
– மாணவர், கொக்குவில்

தம்பி, அவர்களிடம் ஒரு கணக்கைக் கொடுங்கள். மணிக்கட்டு நாடியால் இதயம்வரை போகும் வழிகாட்டிக் கதீற்றர் பெரும்பாலும் 6 பிரெஞ்ச். 3 பிரெஞ்ச் ஒரு மில்லிமீற்றர். பரிசில் மருத்துவக் கருவிகள் செய்த ஷாரியேர் வகுத்த அளவு அது. ஆக வெளிவிட்டம் 2 மில்லிமீற்றர். அடைப்பை விரிக்கும் பலூனும், நாடியைத் திறந்து பிடிக்கும் ஸ்ரென்ற் என்ற வலைக்குழாயும் போய்வர உள்ளே ஏறத்தாழ 1.8 மில்லிமீற்றர் வேண்டும். சுவருக்கு மிஞ்சுவது 0.1 மில்லிமீற்றர், ஒரு கொப்பித் தாளின் தடிப்பு. அதற்குள் மூன்று படை இருக்கிறது.

உள்ளே ரெப்லோன், குழாய்க்குள்ளால் அனுப்பும் வழிகாட்டிக் கம்பி வழுக்கிப் போவதற்கு. நடுவே துருப்பிடிக்காத உருக்குக் கம்பிப் பின்னல். வெளியே பெபக்ஸ் என்ற பிளாஸ்ரிக். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும், நூல் பின்னிய குழாயை வெட்டிப் பாருங்கள், அதே அமைப்புத்தான். பின்னல் எதற்கு என்று அறிய, சைக்கிள் கடையில் பிறேக் வயரின் பழைய வெளிக்கூடு ஒன்று வாங்குங்கள். அதற்குள் இருப்பது சுருள் கம்பி, பின்னல் அல்ல. ஒரு நுனியை மெல்லத் திருகினால் மறுநுனி அசையாமல் கிடந்துவிட்டுத் திடீரென்று துள்ளும். நாடிக்குள் அப்படித் துள்ளினால் சுவர் கிழியும். எதிரெதிராக ஓடும் பின்னல்தான் கையின் திருகலை நுனிவரை அப்படியே கொண்டுபோகும். பின்னல் நெருங்கினால் குழாய் நன்றாக வளையும், மடியாது. ஐதானால் தள்ளும் வலு கூடும். இரண்டையும் ஒருசேரப் பெற முடியாது. எது எவ்வளவு என்று முடிவெடுப்பதுதான் வடிவமைப்பாளரின் உண்மையான வேலை.

கைப்பக்கம் விறைப்பாக, நுனி மெத்தென்று இருக்கவேண்டும். அதற்காகப் பெபக்ஸைத் துண்டு துண்டாக, ஷோர் டி அளவில் 72, 63, 55, 40, 35 என்று கடினம் இறங்கும் வரிசையில் கோர்ப்பார்கள். 72இலிருந்து நேரே 35க்குப் பாய்ந்தால் குழாய் அந்த மூட்டிலேயே மடியும். உங்கள் மாதிரியில் இந்தப் படிகளுக்கு வெவ்வேறு நிறம் கொடுங்கள், பார்ப்பவருக்கு உடனே விளங்கும்.

உருவாக்கும் முறை இதுதான்: நடுக்கம்பி ஒன்றின்மேல் ரெப்லோன் குழாயை இழுத்து, அதன்மேல் கம்பியைப் பின்னி, பெபக்ஸ் துண்டுகளைக் கோர்த்து, சூட்டில் சுருங்கும் உறையொன்றைப் போர்த்திச் சூடாக்குவார்கள். பெபக்ஸ் உருகிப் பின்னலின் இடுக்குகளில் இறங்கிப் பிடிக்கும். ஆறியதும் உறையை உரித்து, நடுக்கம்பியை உருவுவார்கள். சூடு குறைந்தால் படைகள் ஒட்டாது, பிறகு கழன்று வழியை அடைக்கும். கூடினால் பின்னல் விலகி வெளித் தோலில் கம்பி தெரியும். ரெப்லோனில் எதுவும் ஒட்டாது என்பதால் அதன் வெளிப்புறத்தை இரசாயனத்தால் அரித்துக் கபில நிறமாக்குவார்கள். அந்த அரிப்பு ஊதா கடந்த ஒளியில் கெடும், ஆகவே இருட்டுப் பையில் வைக்கவேண்டும். இதைக் கவனியாமல் விட்டு, ஒட்டாததற்கு அடுப்பைக் குறைசொல்பவர்கள் உண்டு.

கடைசிச் சில மில்லிமீற்றரில் பின்னல் இராது. எக்ஸ்-கதிரில் தெரிய பிளாற்றினம்-இரிடியம் வளையமொன்று இருக்கும். முடிந்த குழாய்க்குப் பரிசோதனையும் உண்டு: ஐஎஸ்ஓ 10555-1 நியமப்படி 1.85 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட குழாய் 15 நியூற்றன் இழுவையைத் தாங்கவேண்டும். ஒன்றரைக் கிலோ நிறையைத் தொங்கவிட்டாலும் அறக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்குப் புற்றுநோய் மருந்து ஏற்றக் கையில் பிக் லைன் (கை நாளத்தால் இதயத்துக்குக் கிட்டவரை போகும் நீண்ட குழாய்) போட்டிருக்கு. 10 மில்லிலீற்றர் சிரிஞ்சால்தான் கழுவவேணும் என்கிறார்கள். சின்னச் சிரிஞ்சால் மெதுவாக அழுத்தினால் என்ன?
– மகள், தெல்லிப்பளை

வேண்டாம், அம்மா. அமுக்கம் என்பது விசையைப் பரப்பால் வகுப்பது. 1 மில்லிலீற்றர் சிரிஞ்சின் தண்டு ஒடுங்கியது; அதே விரல் விசைக்கு 10 மில்லிலீற்றர் சிரிஞ்சைவிட ஏறத்தாழ 9 மடங்கு அமுக்கம் உண்டாகும். குழாய் திறந்திருக்கும்வரை தெரியாது. உள்ளே குருதி உறைந்து அடைத்திருந்தால் அந்த அமுக்கம் முழுவதும் குழாயின் சுவரில் ஏறும், குழாய் வெடிக்கலாம். 10 மில்லிலீற்றரிலும் மறுப்புத் தெரிந்தால் பலம் கொடுக்காதீர்கள். கிளிப் பூட்டியிருக்கிறதா, தோலில் ஒட்டியிருக்கும் பிளாஸ்ரரின் கீழ் குழாய் மடிந்திருக்கிறதா என்று பார்த்து, கையை நீட்டி மீண்டும் முயலுங்கள். அப்பவும் போகாவிட்டால் விட்டுவிட்டு வாட்டுக்கு அறிவியுங்கள். சலைனை ஒரே ஓட்டமாக விடாமல், தள்ளி நிறுத்தித் தள்ளினால் உட்சுவர் நன்றாகக் கழுவப்படும். கடைசியில் கிளிப்பை எப்போது பூட்டுவது என்பது குழாயின் வகையைப் பொறுத்தது, தாதி காட்டியபடியே செய்யுங்கள்.

ஈரல் கட்டிக்கு நேரே மருந்து செலுத்த 2, 3 பிரெஞ்ச் நுண்குழாய் பாவிக்கிறார்களாம். கொஞ்சம் பெருப்பித்தால் மருந்து விரைவாய்ப் போகாதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், சாவகச்சேரி

விரைவாய்ப் போகும், நீங்கள் நினைப்பதைவிட விரைவாய். ஓட்டம் உள் ஆரையின் 4ஆம் அடுக்கோடு ஏறும். உள்விட்டத்தை 1 மில்லிமீற்றரிலிருந்து 0.8 ஆக்கினாலே ஓட்டம் 41 வீதமாக விழும். ஆனால் ஈரலில் வேகம் தேவையில்லை. கட்டிக்குப் போகும் நாடிக்கிளை ஒடுங்கியது, தடித்த குழாய் அதற்குள் ஏறாது. ஏறினாலும் இயல்பான குருதி ஓட்டத்தை அடைத்துவிடும். அந்த ஓட்டந்தான் மருந்தைக் கட்டிக்குள் இழுத்துச் செல்வது. வெங்காயத் தறையில் வாய்க்கால் கொள்ளாத தண்ணீர் விட்டால் வரம்பு மேவி மற்றப் பாத்திக்குள் பாயுமல்லவா? இங்கேயும் கிளை கொள்ளாத மருந்து பின்னோக்கி வழிந்து இரைப்பை நாடிக்குள் போகலாம், இரைப்பையில் புண் வரும். ஆகவே தடித்த குழாயொன்றை முதன்மை நாடியில் நிறுத்தி, அதற்குள்ளால் நுண்குழாயை அனுப்பி, எக்ஸ்-கதிர்த் திரையில் பார்த்தபடி சொட்டுச் சொட்டாய் விடுகிறார்கள்.

பாவித்த கதீற்றரைக் கழுவி, கிருமி நீக்கித் திரும்பப் பாவித்தால் செலவு மிச்சந்தானே?
– வாசகர், பருத்தித்துறை

ஒருமுறைப் பாவனைக்கென்று செய்ததைத் திரும்பப் பாவிப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை. நுண்குழாயின் உள்வழி அரை மில்லிமீற்றர் அளவுதான், தூரிகை நுழையாது, குருதிப் படிவு மிஞ்சும். வெளியே பூசிய வழுக்குப் படலம் உரிந்து குருதியோடு போகலாம். ஒருமுறை வளைந்து நிமிர்ந்த பின்னல் எந்த இடத்தில் மடியும் என்று பார்த்துச் சொல்லவும் முடியாது.