மூலமா, வெடிப்பா, பவுத்திரமா? கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், எனக்கு ரத்தம் மட்டும் வருகிறது, வலியே இல்லை. இது உள்மூலமா, வெளிமூலமா?

ஆசனவாய்க்குள் சுமார் 2 செ.மீ. உயரத்தில் ஓர் எல்லைக்கோடு உண்டு. அதற்கு மேலே உள்ள சவ்வுக்கு ஊசி வலி தெரியாது. கீழே இருப்பது தோல், தொட்டாலே துள்ளும். கோட்டுக்கு மேல் புடைத்தால் உள்மூலம். மலம் போனபின் பளிச்சென்ற சிவப்பில் ரத்தம் சொட்டும், வலிக்காது. கீழே புடைத்தால் வெளிமூலம்.

இப்படிப் புடைப்பவை ஆசனவாய்க்குள் இருக்கும் ரத்தநாள மெத்தைகள். இவை எல்லோருக்கும் உண்டு. வாயுவும் நீரும் கசியாமல் அடைப்பதில் அவற்றுக்கும் பங்குண்டு. முக்கி முக்கி, தாங்கும் திசு தளர்ந்து அவை கீழே சரிவதுதான் நோய். ரத்தம் மட்டும் வந்து வெளியே தள்ளாதது முதல் நிலை. தள்ளித் தானே உள்ளே போவது இரண்டு, விரலால் தள்ளினால் போவது மூன்று, தள்ளினாலும் போகாதது நான்கு.

உங்கள் அறிகுறி முதல் நிலை உள்மூலத்துக்குப் பொருந்தும். ஆனால் பரிசோதிக்காமல் மூலம் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்.

கேள்வி: இன்று காலையில் திடீரென்று நாவல்பழம் போல நீலக் கட்டி. உட்கார முடியவில்லை.

வெளிமூலத்துக்குள் ரத்தம் உறைந்திருக்கும். முதல் 72 மணி நேரத்துக்குள் வந்தால், மரப்பு ஊசி போட்டு அந்த முடிச்சையே வெட்டி எடுக்கலாம். வெறுமனே கீறிவிட்டால் திரும்ப உறையக்கூடும். நாள் கடந்து வலி குறையத் தொடங்கிவிட்டால் வெட்ட வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் 10 முதல் 15 நிமிடம், தினம் மூன்று வேளை உட்காருங்கள். ஊசியால் குத்தவோ பிதுக்கவோ கூடாது.

கேள்வி: மலம் போகும்போது கண்ணாடித்துண்டு கிழிப்பது போல வலி, பிறகும் ஒரு மணி நேரம் எரிச்சல். மூலக் களிம்பு போட்டும் கேட்கவில்லை.

கேட்காது. சொல்வதைப் பார்த்தால் இது ஆசனவாய் வெடிப்பு. உள்தசை இறுகிக்கொள்வதால் ரத்த ஓட்டம் குறைந்து புண் ஆறுவதில்லை. தசையைத் தளர்த்தும் டில்டியாசெம் 2% களிம்பை டாக்டர் சீட்டோடு வாங்கி 6 முதல் 8 வாரம் போட வேண்டும்.

கேள்வி: ஆசனவாய்க்குப் பக்கத்தில் சின்ன ஓட்டை, சீழ் கசிகிறது. இதற்கு என்ன களிம்பு?

பவுத்திரமாக இருக்கலாம், அதாவது ஆசனவாய்க்குள்ளிருந்து வெளித்தோல் வரை போகும் சீழ்ப் பாதை. இதற்குக் களிம்பு இல்லை. அறுவை நிபுணரிடம் போங்கள்.

கேள்வி: கோழிக்கறி சூடு, அதனால்தான் மூலம் வருகிறது என்கிறார்களே?

சூடு காரணமில்லை. கோழியில் நார்ச்சத்து துளியும் இல்லை, அவ்வளவுதான்.

கேள்வி: அனுபவத்தில் சொல்கிறோம், டாக்டர்! கோழி சாப்பிட்ட மறுநாளே ரத்தம்.

அதோடு என்ன சாப்பிட்டீர்கள்? மைதா பரோட்டா நாலு. காய் இல்லை, தண்ணீர் குறைவு. மறுநாள் மலம் கல்லாகிறது, ஏற்கெனவே தளர்ந்த சவ்வை உரசுகிறது. பழி கோழிமேல். அதே கோழியை அவரைக்காய்ப் பொரியலோடும் கீரையோடும் சாப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: அப்போது நாட்டுக்கோழி?

நாட்டுக்கோழியிலும் நார் இல்லை. மிளகாய்க் காரம் எரிச்சலைக் கூட்டும், மூலத்தை உண்டாக்காது. ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். போதாவிட்டால் இசப்கோல் உமி இரண்டு டீஸ்பூன், 250 மி.லி. தண்ணீரில் கலந்து கெட்டியாகும் முன் குடித்து, மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர். தண்ணீர் குறைத்தால் உமியே அடைத்துக்கொள்ளும். கழிப்பறைக்குள் போன் வேண்டாம், ஐந்து நிமிடம் போதும்.

கேள்வி: ரப்பர் வளையம் போட்டால் வலிக்குமா?

உள்மூலத்தின் அடியில் வளையத்தை மாட்டி, ரத்த ஓட்டத்தை நிறுத்திச் சுருங்க வைக்கும் சிகிச்சை இது. முன்பு சொன்ன எல்லைக்கோட்டுக்கு மேலே சரியாகப் போட்டால் கனமாக, மலம் முட்டுவது போல இருக்கும். கூர்மையான வலி என்றால் வளையம் கோட்டுக்குக் கீழே மாட்டியிருக்கலாம். உடனே சொல்லுங்கள், எடுத்துவிடலாம். ஒரு வாரம், பத்து நாளில் சுருங்கிய சதை உதிரும்போது கொஞ்சம் ரத்தம் வரலாம். ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். காய்ச்சல், சிறுநீர் அடைப்பு, கூடிக்கொண்டே போகும் வலி வந்தால் இரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரிதுதான், ஆனால் உயிருக்கு ஆபத்தான தொற்று.

கேள்வி: எனக்கும் ரத்தம் வருகிறது. என்ன களிம்பு போடலாம்?

முதல் கேள்வியின் பதிலைப் பாருங்கள், பரிசோதிக்காமல் முடிவு கட்டாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்பை ஒரு வாரத்துக்கு மேல் போட்டால் தோல் மெலிந்துபோகலாம்.

கேள்வி: அப்பாவுக்கு 56 வயது. ஆறு மாதமாக ரத்தம், எடையும் குறைகிறது. ஊசி போட்டு ஒரே நாளில் மூலம் போகும் என்று சுவரொட்டி பார்த்தோம்.

அங்கே போகாதீர்கள். திசுவை அரித்துப் புண்ணாக்கும் மருந்தை ஏற்றி ஆசனவாயே சுருங்கிப்போகும் ஆபத்து இருக்கிறது. அப்பாவுக்கு மூலம் இருந்தாலும் அதற்கு மேலே புற்று இருக்கலாம். இந்த வாரமே ஹீமோகுளோபின் பாருங்கள், கொலோனோஸ்கோபிக்கு (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சோதனை) நாள் வாங்குங்கள். இசப்கோல் கொடுத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.