பாட்டுத் தொகுப்பைப் புது கம்ப்யூட்டருக்கு, புது டிஸ்க்குக்கு வீடு மாற்றுவது: ஊர் ஊராக வந்த கேள்விகளும் பதிலும்

சூரமங்கலம்: அண்ணா, பாட்டு கேட்கும் மென்பொருளான ஐடியூன்ஸின் ஃபோல்டரைப் புது கம்ப்யூட்டரில் போட்டேன். பாட்டுகளுக்குப் பக்கத்தில் ஆச்சரியக்குறி வருகிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி சேர்க்கட்டுமா?

அழிக்காதீர்கள் தம்பி. ஐடியூன்ஸ் பட்டியலில் இருப்பது பாட்டு அல்ல, பாட்டு இருக்கும் முகவரிதான். பழையதில் டி டிரைவ், புதியதில் இ டிரைவ் என்றால் தேடும் இடத்தில் பாட்டு இருக்காது. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் டிரைவுக்குப் பழைய எழுத்தையே கொடுங்கள். ஃபோல்டர் பெயர்களும் மாறாமல் இருந்தால் பாட்டு பாடும். பட்டியல் தெரிகிறது என்றாலே லைப்ரரி கோப்பு பத்திரமாக வந்துவிட்டது. பிளேலிஸ்ட், நட்சத்திரம், எத்தனை தடவை கேட்டீர்கள் என்ற கணக்கு எல்லாம் அதில்தான் இருக்கிறது. அழித்துச் சேர்த்தால் பாட்டு வரும், அந்தக் கணக்கு வராது.

ஆத்தூர்: இடம் போதவில்லை. கட் செய்து ஒட்டலாமா?

கூடாது. நடுவில் கரண்ட் போனால் எது போனது, எது வந்தது என்று தேடி மாளாது. காப்பி மட்டும்தான்.

ஏற்காடு: பழைய மேக்கிலிருந்து விண்டோஸுக்கு மாற்றினேன். பிளேலிஸ்டில் சில தமிழ்ப் பாட்டுகள் மட்டும் பாடவில்லை. கோப்பு இருக்கிறது, பெயரும் சரியாகவே இருக்கிறது.

நல்ல கேள்வி. பாடாத பாட்டுகளின் பெயரில் கொ, கோ, கௌ வரிசை எழுத்து வருகிறதா பாருங்கள். கம்ப்யூட்டர் எழுத்துகளைக் குறிக்கும் முறையான யூனிகோடில் 'கொ'வின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு குறியாகப் பிரித்தும் எழுதலாம். பழைய மேக் டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் முறையான எச்எஃப்எஸ் பிளஸ், கோப்புப் பெயரைப் பிரித்துத்தான் வைக்கும். பிளேலிஸ்டிலோ சேர்ந்த வடிவம் இருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, விண்டோஸுக்கு வேறு வேறு பெயர். கோப்புப் பெயர்களை என்எஃப்சி எனும் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றுங்கள். லினக்ஸில் 'கான்வ்எம்வி' என்ற கருவி அதைச் செய்யும். ஐம்பது, அறுபது பாட்டுதான் என்றால் விண்டோஸிலேயே பிளேலிஸ்டைப் புதிதாகப் போட்டு எம்3யூ8 என்ற யூனிகோட் பிளேலிஸ்ட் கோப்பாகச் சேமிப்பது சுலபம்.

அஸ்தம்பட்டி: கட் பேஸ்ட் சீக்கிரம் முடியுமே சார்?

ஆத்தூர்காரருக்குச் சொன்னதுதான். காப்பி.

அம்மாப்பேட்டை: மாற்றும்போதே 128 கேபிபிஎஸ் எம்பி3 எல்லாவற்றையும் ஃப்ளாக் ஆக்கிவிடலாமா?

வேண்டாம். ஃப்ளாக் ஒலியை வெட்டாமல் சேமிக்கும் வடிவம்தான், ஆனால் எம்பி3 ஆக்கியபோது வெட்டிப் போட்ட ஒலி திரும்பி வராது. கோப்பு பல மடங்கு பெருக்கும், அவ்வளவுதான்.

செவ்வாய்ப்பேட்டை: ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் மாற்றினேன், ஆம்ப்ளிஃபையரில் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது.

தெரிகிறது என்றால் சத்த அளவோ பிளேயரோ மாறியிருக்கும் ஐயா. ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் 'ஸ்பெக்' என்ற இலவச மென்பொருளில் இரண்டு கோப்பையும் திறந்து பாருங்கள். 128 எம்பி3 பெரும்பாலும் 16 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கத்தரித்தாற்போல் நிற்கும். உங்கள் ஃப்ளாக்கும் அதே இடத்தில்தான் நிற்கும். அப்புறம் ஃபூபார் என்ற பிளேயரில் ஏபிஎக்ஸ் என்ற ஒப்பிட்டுக் கேட்கும் சோதனை வைத்து, எது எது என்று தெரியாமல் கேளுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை: அப்போது நான் கேசட்டிலிருந்து ஃப்ளாக் எடுத்ததும் வீணா?

அது அருமையான வேலை. கேசட்டிலிருந்து நேராக ஃப்ளாக் எடுத்தால் எதுவும் வெட்டுப்படுவதில்லை. இன்னொரு லாபமும் உண்டு: ஃப்ளாக் கோப்புக்குள்ளேயே ஒலியிலிருந்து கணக்கிட்ட எம்டி5 என்ற சரிபார்ப்புக் கையொப்பம் இருக்கும். காப்பி செய்தபின் பழுதாகியிருக்கிறதா என்று சோதித்துவிடலாம். எம்பி3யில் அந்த வசதி இல்லை. அந்தக் கேசட் பாட்டுகளுக்கு இரண்டு பிரதி வையுங்கள்.

ஓமலூர்: மேக், விண்டோஸ் இரண்டிலும் ஓட டிஸ்க்குக்கு எந்த ஃபார்மட்?

எக்ஸ்ஃபேட். எஜெக்ட் கொடுக்காமல் பிடுங்காதீர்கள், அது தாங்காது.

குகை: எந்த ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கலாம்?

அது இங்கே வேண்டாம். கடையில் கேட்டுப் பார்த்து வாங்குங்கள்.

கொண்டலாம்பட்டி: காப்பி முடிந்தது. பழைய டிஸ்க்கை ஃபார்மட் செய்யலாமா?

இன்னும் வேண்டாம். இரண்டு பக்கமும் கோப்பு எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒன்றா பாருங்கள். டெராகாப்பி என்ற காப்பி மென்பொருளில் வெரிஃபை ஓட்டுங்கள். லைப்ரரியைத் திறந்து, கடைசியாகச் சேர்த்த பாட்டு பாடுகிறதா பாருங்கள். எல்லாம் சரி என்றாலும் ஃபார்மட் வேண்டாம். பழையதை எடுத்துப்போய் அண்ணன் வீட்டில் வையுங்கள், புது டிஸ்க் வேறு ஒன்று வாங்கி இன்னொரு பிரதி போடும் வரை.