திரைச்சீலை மடிக்கவா படிக்க வைத்தோம்?

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பட்டம் வாங்கிய மகள், மெத்தை, சோபா, திரைச்சீலை விற்கும் கடையில் வேலைக்குச் சேரப் போகிறேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள். ‘துணி மடிக்கவா இவ்வளவு படிக்க வைத்தோம்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். மடிக்கிற வேலை உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். கூட்டம் இல்லாத நேரத்தில் பாதிக்குமேல் அதுதான் வேலை. ஒருவர் பிரித்துப் பார்த்துவிட்டுப் போன படுக்கை விரிப்பைப் பழையபடி மடித்து, உறைக்குள் நுழைத்து, அளவு எழுதிய பக்கம் வெளியே தெரிகிற மாதிரி அடுக்கி முடிப்போம். அடுத்து வருகிறவர் சரியாக அதற்கு அடியில் இருப்பதைத்தான் உருவுவார்.

ஆனால் அந்தக் கடையில் கற்றுக்கொள்ள வேண்டியது மடிப்பு மேசையில் இல்லை, வெட்டு மேசையில் இருக்கிறது. கல்லூரியில் படித்த காலத்தில் நானும் அப்படி ஒரு கடையில் சில மாதம் நின்றவன். அங்கே நான் செய்த தப்பைச் சொல்கிறேன், வேலை என்னவென்று உங்களுக்கே புரிந்துவிடும்.

ஒரு வாடிக்கையாளர் திரைச்சீலைக்கு அளவு கொண்டுவந்தார். கம்பியின் நீளம் 180 செ.மீ. கம்பியிலிருந்து கீழே தொங்க வேண்டியது 235 செ.மீ. திரைச்சீலை சுருக்கம் விழுந்து அழகாகத் தொங்க வேண்டுமென்றால் கம்பியைப் போல் இரண்டு மடங்கு அகலத்துக்குத் துணி வேண்டும். அதாவது 360. துணியின் அகலம் 140, ஆகவே மூன்று துண்டு. மேலே மடிப்புக்கும் கீழே ஓரம் அடிப்பதற்கும் 25 செ.மீ. சேர்த்தால் ஒரு துண்டுக்கு 260. மூன்றுக்கும் 7.8 மீட்டர். கணக்கு சரி என்ற தைரியத்தில் கத்திரியை வைத்துவிட்டேன்.

அது பெரிய பூப்போட்ட துணி. ஒரு பூ தொடங்கிய இடத்திலிருந்து அதே பூ மறுபடி தொடங்குகிற இடம்வரை 64 செ.மீ. மூன்று துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைக்கும்போது பூவோடு பூ சேர வேண்டுமே! அதற்கு ஒவ்வொரு துண்டையும் முழு பூவாகத்தான் வெட்ட வேண்டும். நான்கு பூ போட்டால் 256, நான்கு சென்டிமீட்டர் குறைகிறது. ஐந்து பூ வேண்டும், அப்போது ஒரு துண்டு 320. மூன்றுக்கும் 9.6 மீட்டர். 1.8 மீட்டர் குறைவாக வெட்டியிருக்கிறேன். அந்த ரோலில் மிச்சம் இல்லை. புது ரோல் வந்தபோது அது வேறு லாட், அதாவது வேறொரு தடவை சாயம் போட்டது, சாயம் ஒரு சாயல் மாறியிருந்தது. தனியாகப் பார்த்தால் தெரியாது, பக்கத்தில் வைத்தால் கண்ணில் குத்தும். வெட்டிய துணியை யார் தலையில் கட்டுவது? என் சம்பளத்தில் பாதியைப் பிடித்தார்கள். இன்றுவரை அது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை, சேர்ந்த இரண்டாவது வாரமே ஒருவனை மேசையில் தனியாக விட்டது அவர்கள் தப்பு. ஆனால் பூக் கணக்கு அதற்குப் பிறகு எனக்கு மறந்ததே இல்லை.

அளவுக்கு அடுத்தது, கேட்டுத் தெரிந்துகொள்வது. வருகிறவர்களில் பெரும்பாலானோருக்குத் தங்களுக்கு என்ன வேண்டும் என்று தெரியாது. ‘நல்ல சோபாவாகக் காட்டுங்கள்’ என்பார்கள். யார் உட்காரப் போகிறார்கள், வீட்டில் பூனை நாய் உண்டா, வெயில் விழுகிற ஜன்னல் பக்கமா, முட்டிவலிக்காரர் யாராவது இருக்கிறார்களா என்று மெல்லக் கேட்க வேண்டும். தாழ்ந்த சோபாவில் உட்கார்ந்த முட்டிவலிக்காரர் எழுந்திருக்கப் படும் பாட்டைக் கடையிலேயே பார்க்கலாம். சோபாத் துணியின் விவரச் சீட்டில் மார்ட்டின்டேல் என்று ஓர் எண் போட்டிருக்கும். துணியை இயந்திரத்தில் தேய்த்து, எத்தனை தேய்ப்பு தாங்கியது என்று பார்த்துச் சொல்கிற எண் அது. எண் கூடக் கூட, தேய்மானம் குறைவு. அதை வாடிக்கையாளருக்கு ஒரு நிமிடத்தில் விளக்கத் தெரிந்தவர், நிறத்தை மட்டும் காட்டுகிறவரைவிட வெகுதூரம் முன்னால் இருப்பார். கடை விளக்கின் கீழ் பழுப்பாகத் தெரிந்தது வீட்டில் பச்சையாகத் தெரியலாம். ‘மாதிரித் துண்டை எடுத்துப்போய் ராத்திரியும் பகலும் வைத்துப் பாருங்கள், அப்புறம் முடிவு செய்யலாம்’ என்று சொல்கிற விற்பனையாளர் அன்றைக்கு ஒரு பில்லை இழக்கலாம். அந்த ஆள் திரும்ப வரும்போது அவரைத்தான் தேடுவார்.

வாசலும் மாடிப்படியும் எவ்வளவு அகலம் என்று கேட்க மறந்தால் வேறு கூத்து. சோபா வண்டியில் வந்து இறங்கும், மாடிப்படித் திருப்பத்தில் சிக்கிக்கொள்ளும். பெரிய நிறுவனங்களும் இதில் பாடம் படித்தவைதான். ஸ்வீடனின் மரச்சாமான் நிறுவனமான ஐகியாவில் 1950-களில் ஒரு மேசை காருக்குள் நுழையவில்லை என்று காலைக் கழற்றப் போய், பிரித்து அட்டைப்பெட்டியில் அடைத்து விற்கிற முறையே அங்கே வளர்ந்தது.

இனி உங்கள் கவலைக்கு வருகிறேன். உடம்புதான் எனக்கும் முதல் கவலை. நாள் முழுக்க நிற்க வேண்டும். பத்து சோபாவுக்கு நடுவே நின்றுகொண்டு ஒன்றிலும் உட்கார முடியாத வேலை இது! சதுர மீட்டருக்கு 250 கிராம் எடையுள்ள துணி, 140 செ.மீ. அகலத்தில் 50 மீட்டர் ரோலாக வந்தால் பதினேழரை கிலோ. அதை அலமாரியின் மேல்தட்டிலிருந்து தனியாக இறக்கக் கூடாது என்று இப்போதே சொல்லி வையுங்கள். துணித் தூசியும் பஞ்சும் எப்போதும் காற்றில் இருக்கும். மகளுக்கு வீசிங் இருந்தால் சேருவதற்கு முன்பே மருத்துவரிடம் பேசுங்கள். சனி, ஞாயிறு விடுப்பு கிடைக்காது. ஊரெல்லாம் விடுமுறையில் இருக்கும்போதுதான் கடையில் கூட்டம்.

‘கௌரவம்’ என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. எனக்குப் பயமெல்லாம் வேறு ஒன்றில். சேர்ந்த நாளிலிருந்து பில் போடும் இடத்திலேயே இரண்டு வருடம் உட்கார வைத்துவிட்டால், அவள் கற்றது ஒன்றும் இருக்காது. ஆகவே நேர்முகத்தில் அவள் கேட்க வேண்டியது இது: எந்தப் பிரிவில் போடுவீர்கள், அளவெடுக்க வீட்டுக்குப் போகிறவர்களோடு என்னையும் அனுப்புவீர்களா? சம்பளத்தில் நிலையானது எவ்வளவு, கமிஷன் எவ்வளவு, டார்கெட் எட்டாத மாதத்தில் கைக்கு என்ன வரும்? வெட்டில் தப்பு வந்தால் யார் பணம்? (இதை நான் கேட்காமல் விட்டேன்.) இதற்கெல்லாம் மழுப்பினால் வேறு கடை பார்க்கட்டும்.

ஆன்லைனில் எல்லாம் கிடைக்கும்போது கடை நிலைக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தலையணை உறை, மிதியடி போன்றவற்றின் விற்பனை அந்தப் பக்கம் போகும், போய்க்கொண்டும் இருக்கிறது. ஜன்னலுக்கு அளவெடுத்துத் தைக்கிற வேலை அவ்வளவு சீக்கிரம் போகாது என்பது என் கணிப்பு. அளவு பிசகித் தைத்த திரைச்சீலையை வேறு யார் ஜன்னலில் மாட்டுவது? அதனால்தான் அளவுப் பக்கம் போகச் சொல்கிறேன். அங்கிருந்து, கடையில் பொருட்களை அழகாக அடுக்கிக் காட்டுகிற காட்சி அமைப்புக்கோ, கொள்முதலுக்கோ, உள்அலங்கார ஆலோசகரின் உதவியாளர் வேலைக்கோ போகலாம். மேலே படிப்பதானால் அப்போது படிக்கட்டும். துணியைத் தொட்டுப் பழகிய கைக்கு உள்அலங்காரப் பாடம் வேறு மாதிரி ஏறும்.

ஆறு மாதம் கொடுங்கள். நடுவில் ஒரு சனிக்கிழமை மாலை வாடிக்கையாளர் மாதிரி அந்தக் கடைக்குப் போய் அரை மணி நேரம் சுற்றுங்கள். அவள் முகம் எப்படி இருக்கிறது என்று தூரத்திலிருந்து பாருங்கள். ஆறு மாதம் கழித்து, ஒரு ஜன்னலைக் காட்டி எத்தனை மீட்டர் துணி வேண்டும் என்று அவளிடம் கேளுங்கள். ‘பூப்போட்டதா, வெறும் துணியா?’ என்று திருப்பிக் கேட்டாளானால் அங்கேயே இருக்கட்டும். கேட்கவில்லையென்றால் எனக்கு எழுதுங்கள், வேறு வழி பார்க்கலாம்.

அப்புறம், வேலைக்குப் போகும் முதல் நாளில் அவளுக்கு 5 மீட்டர் ஸ்டீல் டேப் ஒன்று வாங்கிக் கொடுங்கள். தையற்காரர் கழுத்தில் போடும் டேப் வேண்டாம், அது நாளடைவில் இழுபட்டுப் பொய் அளவு காட்டும்.