வெனிஸ் போக நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை. மகளுக்கு வயது 15, பத்தாம் வகுப்பு. மகனுக்கு 10. வரும் மே மாதம் எங்கள் 20ஆம் திருமண நாளுக்கு நான்கு பேரும் வெனிஸ் போக ஆசை. சுமார் 6 லட்சம் ஆகும் என்கிறார்கள். வீட்டு நகையை வைத்தால் வங்கியில் வட்டி குறைவுதானே, எடுக்கலாமா? மாதம் 25,000 ரூபாய் மிச்சமாகும். மகளின் படிப்புக்குப் போட்ட டெபாசிட்டைத் தொட விருப்பமில்லை.

பதில்: டெபாசிட்டைத் தொடவில்லை என்றீர்களே, அதுவே பாதிக் கிணறு தாண்டியது மாதிரி. "பக்கத்தில் ஆலப்புழை இருக்கும்போது வெனிஸ் எதற்கு" என்று நான் கேட்கப்போவதில்லை. ஆசைப்பட்ட ஊர் வெனிஸ், போக வேண்டியதும் அங்கேதான். ஆனால் நகையை வைத்து வேண்டாம்.

6 லட்சத்துக்கு 9 சதவீதம் என்றால் வருடத்துக்கு 54,000 ரூபாய் வட்டி. உங்கள் வருமானத்துக்கு அது தாங்கும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நகைக்கடனில் பெரும்பாலும் ஒரு வருடம் முடிந்ததும் அசலும் வட்டியும் சேர்த்துக் கட்டி மீட்க வேண்டும். நீங்கள் மாதம் 25,000 சேர்த்தாலும் அதற்குள் 3 லட்சம்தான் கையில் இருக்கும். மீதிக்கு மறுபடி திருப்பி வைப்பீர்கள். இதற்கிடையில் வெள்ளி விலை ஏறினால், அதே எடை ஆர்டருக்குக் கட்டி வெள்ளி வாங்க முன்பைவிட அதிகப் பணம் வேண்டும். அந்த நேரத்தில் அவசரத்துக்கு எடுக்கக்கூடியது வீட்டு நகைதான். அது ஏற்கெனவே லாக்கரில் அடகாக இருந்தால், கந்து வட்டிக்காரரிடம் போய் நிற்க வேண்டியதுதான். சொந்த வெள்ளி போட்டுத் தொழில் செய்பவருக்கு வீட்டு நகைதான் பட்டறையின் ஓவர்டிராஃப்ட்.

இன்னொன்று, கடன் பணம் விசாவுக்கும் உதவாது. வெனிஸ் இருக்கும் இத்தாலிக்கு ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா வேண்டும். கடைசி சில மாத வங்கிக் கணக்கையும் வருமான வரி ரிட்டர்னையும் பார்ப்பார்கள். திடீரென்று 6 லட்சம் வந்து விழுந்தால் கேள்விதான் வரும். விசாக் கட்டணம் 12 வயது ஆனவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு 45. உங்கள் நால்வருக்கு 315 யூரோ. ஒரு யூரோ 105 ரூபாய் என்று வைத்தால் 33,000 ரூபாய். விசா மறுக்கப்பட்டால் இந்தப் பணம் திரும்பி வராது. உங்கள் மனைவி அரசு ஊழியர் என்பதால் வெளிநாடு போகத் துறை அனுமதியும் வாங்க வேண்டும். அந்தக் கோப்பு நகர்கிற வேகம் அவருக்கே தெரியும்.

அதனால் ஒரு வருடம் தள்ளிப் போடுங்கள். மகள் பதினொன்றாம் வகுப்பு முடித்த மே மாதம், பன்னிரண்டாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு சூடு பிடிக்கும் முன். இப்போதிருந்து சுமார் 18 மாதம் கிடைக்கும். மாதம் 25,000 வங்கியில் ஆர்.டி. (தொடர் வைப்பு) போட்டால், 6.5 சதவீத வட்டியில் ஏறக்குறைய 4.7 லட்சம் சேரும். மீதியை முகூர்த்த சீசன் லாபத்தில் எடுத்து வையுங்கள். மியூச்சுவல் ஃபண்ட் வேண்டாம், 18 மாதப் பணத்துக்குச் சந்தை இடமில்லை.

செலவைக் கொஞ்சம் இறக்கவும் வழி இருக்கிறது. வெனிஸ் தீவுக்குள் தங்காமல், எதிரே நிலப்பகுதியில் இருக்கும் மெஸ்ட்ரேயில் அறை எடுங்கள். ரயிலில் பாலம் தாண்டினால் பத்து நிமிடத்தில் வெனிஸ். அங்கே பஸ்ஸுக்குப் பதில் ஓடும் படகுக்கு வபோரெட்டோ என்று பெயர். ஒரு டிக்கெட் 9.50 யூரோ, ஆயிரம் ரூபாய். அதுவே 72 மணி நேரப் பாஸ் 45 யூரோதான், எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம். முதல் நாளே 1ஆம் எண் படகில் ஏறி, ஊரின் முக்கியக் கால்வாயான கிராண்ட் கால்வாய் முழுக்கப் போய்விடுங்கள். ரியால்டோ பாலத்தின் அடியிலேயே போகும். கொண்டோலா என்ற துடுப்புப் படகுக்குப் பகலில் அரை மணி நேரத்துக்கு 90 யூரோ. அது ஆளுக்கு இல்லை, படகுக்கு. ஐந்து பேர் வரை உட்காரலாம் என்பதால் நால்வருக்கும் ஒரே படகு போதும். திருமண நாள் ஆயிற்றே, இதில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

பகலில் மட்டும் வந்து போகிறவர்களிடம் 2024 முதல் ஏப்ரல்-ஜூலை காலத்தில் குறிப்பிட்ட நாள்களில் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். நம் கோடை விடுமுறையும் அப்போதுதான். மெஸ்ட்ரேயும் வெனிஸ் நகராட்சிக்குள் வருவதால் அங்கே தங்குபவர்களுக்கு விலக்கு உண்டு. ஓட்டலில் தலைக்கு இவ்வளவு என்று இரவுக்கு ஒரு வரி தனியாகக் கேட்பார்கள், அதைக் கணக்கில் சேருங்கள்.

பேக்கேஜாக வாங்கினால் ஏஜென்ட் டி.சி.எஸ். என்று முன்கூட்டியே ஒரு வருமான வரி பிடிப்பார். அது செலவில்லை. வருமான வரிக் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, ரிட்டர்னில் கழித்துக்கொள்ளச் சொல்லி உங்கள் ஆடிட்டரிடம் சொல்லிவிடுங்கள். யாருடைய பான் எண்ணில் பேக்கேஜ் வாங்குகிறீர்களோ, அவர் கணக்கில்தான் அது வரும்.

கிரெடிட் கார்டைத் தேய்த்தால் மூன்று, மூன்றரை சதவீதம் வரை வெளிநாட்டுச் செலவுக்கான கூடுதல் கட்டணம் (மார்க்-அப்) போகும், அதன் மேல் ஜி.எஸ்.டி. வேறு. ஃபாரெக்ஸ் கார்டில் யூரோ ஏற்றிக்கொண்டு போங்கள். வழியில் எப்போதாவது கிரெடிட் கார்டை நீட்ட வேண்டி வந்து, மெஷின் "ரூபாயிலா, யூரோவிலா" என்று கேட்டால் யூரோவையே அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் மாற்று விலையை அந்தக் கடைப் பக்கம்தான் போடுவார்கள்.