போயிருச்சுன்னா எங்க போச்சு?

அன்புள்ள ஐயா,

வணக்கம். பத்து வருடமாக உங்கள் தளத்தைப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல்முறை. பென்சில்வேனியாவில் மென்பொருள் வேலை. நான்கு வருடமாக இலையுதிர் காலத்தில் வில்லோடு மான் வேட்டைக்குப் போகிறேன். தனியார் நிலத்தில் இல்லை, மாநில வேட்டைத் துறையின் பொதுநிலத்தில். மற்றவர்கள் மரத்தில் இருக்கை கட்டி ஏறிக்கொள்வார்கள். எனக்கு உயரம் ஆகாது. விழுந்து கிடக்கும் ஓக் மரத்துக்குப் பின்னால் முக்காலி போட்டுத் தரையில்தான் உட்காருவேன்.

மூன்று வருடம் வெறுங்கை. போன சீசனில் இரண்டு பெண்மான்கள்மேல் அம்பு விட்டேன். முதலாவதுக்குக் கொஞ்சம் பின்னால் பட்டுவிட்டது. சாயங்காலம், தூறல் வேறு. இரண்டு மணி நேரம் தேடினேன், ரத்தம் நின்றுவிட்டது, மறுநாள் ஆபீஸ், வந்துவிட்டேன். இரண்டாவது, பத்து நாள் கழித்து, பதினெட்டு கெஜத்தில் சுத்தமான அடி. கண்முன்னாலேயே விழுந்தது.

ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமியார் வாரம் தவறாமல் கோழியும் ஆடும் சமைப்பவர். மான்கறியை மட்டும் தொடமாட்டேன் என்கிறார். "மான் பின்னாடி போனவன் எவன் நல்லா இருந்தான்? ராமன் பொண்டாட்டியைத் தொலைச்சான், பாண்டு உயிரையே விட்டான்" என்கிறார். நான் சங்ககால வள்ளல் வல்வில் ஓரியைச் சொன்னேன், எடுபடவில்லை. நம் மரபில் வேட்டை பெருமையா, பாவமா? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் உங்கள் மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இரண்டே வரியில் இரண்டு இதிகாசங்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார். ஒரு திருத்தம் மட்டும் உண்டு. மான் வடிவில் இருந்த முனிவர் பாண்டுவைச் சபித்தது வேட்டையாடியதற்காக அல்ல. மன்னர்கள் மானைக் கொல்வது வழக்கம்தான் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். கூடியிருந்த நேரத்தில், முடியும்வரைகூடப் பொறுக்காமல் எய்தாயே என்பதுதான் அவர் கோபம். உங்கள் ஊரில் எல்லோரும் லீவு போட்டுக்கொண்டு காட்டுக்கு ஓடுகிற நவம்பர் முதல் பாதி, மான்கள் இணைசேரும் பருவம். இதை மாமியாரிடம் சொல்லிவிடாதீர்கள்.

கோழி தின்கிறவர் மானைப் பற்றிப் பேசலாமா என்ற உங்கள் மறைமுகக் கேள்வியை விட்டுவிடுகிறேன். சாப்பாட்டில் தர்க்கம் பார்க்க ஆரம்பித்தால் ஒருவரும் வாய் வைக்க முடியாது.

ஓரியையும் விட்டுவிடுங்கள். ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, புள்ளிமானை உருட்டி, பன்றியைத் துளைத்து, புற்றிலிருந்த உடும்பில் போய்ச் செருகியது என்று வன்பரணர் பாடியது அழகான புறப்பாட்டு. பரிசில் வாங்கப் போன புலவர் அப்படித்தான் பாடுவார். அதை வைத்துக்கொண்டு "வில் நம்ம சொத்து" என்று நெஞ்சு நிமிர்த்தாதீர்கள். அமெரிக்காவில் இன்றைய வில்வேட்டை மறுபடி துளிர்த்ததற்குப் பெரிய காரணங்களில் ஒருவர் இஷி. 1911இல் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊருக்கு வெளியே தனியாக வந்து நின்றவர், யாஹி இனத்தில் மிஞ்சிய கடைசி மனிதர். வில் செய்வதையும் எய்வதையும் சாக்ஸ்டன் போப் என்ற மருத்துவருக்கு அவர் கற்றுக்கொடுத்தார். 1916இல் காசநோயில் இறந்தார். போப் எழுதியதைப் படித்துத்தான் பல அமெரிக்கர்கள் வில்லை எடுத்தார்கள். நன்றி சொல்ல ஆள் வேண்டுமென்றால் அவருக்குச் சொல்லுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கேள்விக்காக இதை எழுத உட்காரவில்லை. உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. "இரண்டு மணி நேரம் தேடினேன், ரத்தம் நின்றுவிட்டது, மறுநாள் ஆபீஸ், வந்துவிட்டேன்." இரண்டாவது மானைச் சொல்ல அவசரப்பட்டு, முதலாவதை ஒரே மூச்சில் கடந்துவிட்டீர்கள். நான்கு முறை படித்தேன். மூன்றாம் முறை எனக்குக் கோபம் வந்தது.

"கொஞ்சம் பின்னால்" என்றால் என்ன? நெஞ்சுக்கூட்டைத் தாண்டிக் கல்லீரலா, குடலா? அம்பை எடுத்துப் பார்த்தீர்களா? நுரை கலந்த இளஞ்சிவப்பு என்றால் நுரையீரல், அரைமணி நேரம் பொறுத்தால் போதும். கருஞ்சிவப்பு என்றால் கல்லீரல், நான்கைந்து மணி நேரம். பச்சையும் பழுப்பும் ஒட்டி நாற்றம் அடித்தால் குடல், எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் அந்தப் பக்கமே போகக்கூடாது. குடலில் அடிபட்ட மானை யாரும் கிளப்பாமல் விட்டால் பெரும்பாலும் கொஞ்ச தூரத்திலேயே படுத்துவிடும். பின்னாலேயே போனால் எழுந்து ஓடும், மைல் கணக்கில் ஓடும். நீங்கள் உடனே எழுந்துபோய்த் தேடியிருக்கிறீர்கள். அந்த இரண்டு மணி நேரமும் அதைத் துரத்தியதில்தான் போயிருக்கிறது. அப்புறம் ஆபீஸ்.

தரையிலிருந்து எய்கிறவர் என்பதால் இன்னொன்றும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மரத்திலிருந்து எய்தால் அம்பு மேலே நுழைந்து கீழே வெளியேறும். அந்தத் தாழ்ந்த துளை வழியாக ரத்தம் சீக்கிரம் சொட்ட ஆரம்பிக்கும். தரையில் நீங்களும் மானும் ஒரே மட்டம். இரண்டு துளையும் ஒரே உயரத்தில் இருக்கும், உள்ளே நிறைந்த பிறகுதான் வெளியே வழியும். முதல் ஐம்பது கெஜத்துக்கு ஒரு சொட்டுகூட இல்லாமல் போகலாம். தரையில் உட்காருவது நேர்மையான வழி என்று உங்கள் கடிதம் முழுக்க ஒரு தொனி. இருக்கட்டும். அந்த நேர்மைக்கு விலை, மற்றவர்களைவிட இரண்டு மடங்கு தேட வேண்டியிருக்கும் என்பது.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். 2018 அக்டோபரில் உங்கள் மாநிலத்தில்தான் நண்பர் ஒருவர் வீட்டில் இருபது நாள் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர், எழுபத்து நான்கு வயது. ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் வெறுங்கையோடு திரும்பினார். அம்பு பட்டிருக்கிறது, ஆனால் சரியாகப் படவில்லை என்றார். மான் வில்லின் நாண் சத்தத்துக்கே அமுங்கிவிடும். ஒலி நொடிக்கு 340 மீட்டர் போகும், அம்பு அதில் நாலில் ஒரு பங்குதான். இருபது கெஜத்தில்கூட, அம்பு வந்து சேர்வதற்குள் மான் ஓடுவதற்காகக் காலை மடக்கி உடம்பைத் தாழ்த்தியிருக்கும். இதையெல்லாம் அவர் சாக்காகச் சொல்லவில்லை, நான் கேட்டதால் சொன்னார். அன்று இரவு அவர் வீட்டுச் சமையலறை விளக்கு அணையவில்லை.

விடிந்ததும் எங்களையும் கூப்பிட்டார். கையில் ஒரு டாய்லெட் பேப்பர் சுருள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ஒரு சொட்டு ரத்தம் கண்டால் ஒரு துண்டைக் கிழித்து அங்கே வைப்பார். அடுத்த சொட்டு கிடைக்கும்வரை அதைத் தாண்டி யாரும் கால் வைக்கக்கூடாது. மேப்பிள் இலைகளில் அந்தப் பருவத்தில் இயல்பாகவே சிவப்புப் புள்ளிகள் இருக்கும், எல்லாமே ரத்தம்போலத் தெரியும். அவர் விரலை நாக்கில் தொட்டு இலையைத் தேய்ப்பார். விரலில் ஒட்டினால் ரத்தம், ஒட்டாவிட்டால் இலை. எழுபத்து நான்கு வயதில் முட்டிபோட்டு இதைச் செய்தார். ரத்தம் அறுந்துபோகும் இடங்களில் திரும்பிப் பார்க்கச் சொன்னார். பின்னால் வெள்ளைக் காகிதங்கள் ஒரு கோடாகத் தெரிந்தன, மான் எந்தப் பக்கம் சாய்ந்து போகிறது என்பது அந்தக் கோட்டில் இருந்தது. நூற்றைம்பது மீட்டருக்கு மூன்று மணி நேரம் ஆனது. லாரல் புதருக்கு அடியில் காலை மடக்கிப் படுத்த வாக்கில் கிடந்தது. இரவுக் குளிரில் கறி கெடவில்லை.

திரும்பும்போது ஒவ்வொரு காகிதத் துண்டையும் குனிந்து பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். நான் பார்ப்பதைப் பார்த்து, எல்லோருடைய இடமாயிற்றே என்றார்.

எல்லோருடைய இடம். உங்கள் கடிதத்தில் 'பொதுநிலம்' என்ற சொல்லைப் படித்தபோது எனக்கு அவர் நினைவுதான் வந்தது. உங்கள் மாநிலம் 1920இல் முதல் துண்டு வேட்டை நிலத்தை வாங்கியது. வேட்டைக்காரர்கள் கட்டும் உரிமப் பணமும் துறையின் வரவில் உண்டு. இன்று சுமார் 15 லட்சம் ஏக்கர். நம்மிடமும் அந்தச் சொல் இருக்கிறது, புறம்போக்கு. வரி விதிக்கப்படாத, யார் பேரிலும் பட்டா இல்லாத ஊர்ப்பொது. மேய்ச்சல், களம், சுடுகாடு, கண்மாய்க்கரை எல்லாம் அதில்தான். அதை நாம் ஆளைத் திட்டுகிற சொல்லாக்கி வைத்திருக்கிறோம். அமெரிக்காவைப் புகழ்கிறேன் என்று நினைக்க வேண்டாம். உங்கள் மாநிலத்தின் கிழக்கில் லெனாப்பே மக்களின் நிலத்தை, ஒரு மனிதன் ஒன்றரை நாளில் நடக்கிற தூரம் என்று பேசிவிட்டு, 1737இல் ஓட்டக்காரர்களை வைத்து அளந்து பிடுங்கிக்கொண்டார்கள். எல்லோருடைய இடம் ஆவதற்கு முன் அது சிலருடைய இடமாக இருந்தது. பேசினால் நீளும், இன்னொரு நாள்.

எங்கள் ஊர் புதுக்கோட்டைப் பக்கம். கண்மாய்க்கரையிலிருந்து மேற்கே காரையும் சூரையும் மண்டிய புறம்போக்கு. எனக்குப் பதினொரு வயது, 1974. வேட்டைக்குக் கட்டுப்பாடு போட்ட காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்து இரண்டு வருடமாகிவிட்டது. எங்கள் ஊருக்கு அந்தச் செய்தி வர இன்னும் பத்து வருடம் ஆனது. நான் உண்டிவில்லால் ஒரு கௌதாரியை அடித்தேன். இறகு பறந்தது. ஒற்றைச் சிறகை அடித்துக்கொண்டு முள்ளுக்குள் போய்விட்டது. வரப்பில் உட்கார்ந்திருந்த தாய்மாமனிடம் போய், "போயிருச்சு மாமா" என்றேன்.

"போயிருச்சுன்னா எங்க போச்சு?"

பதில் தெரியவில்லை. தேடு என்றார். முழங்கையெல்லாம் முள். இருட்டும்வரை தேடினேன், அவரும் தேடினார். மறுநாள் விடிகாலை எழுப்பிவிட்டு மறுபடி கூட்டிப்போனார். கிடைத்தது. எறும்பு மொய்த்து, கண் இல்லாமல். அதை என் கையில் கொடுத்து வீடுவரை தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். திட்டவில்லை, அடிக்கவில்லை. வழியில் பார்த்தவர்கள் என்ன அது என்று கேட்டபோதெல்லாம் நானே பதில் சொல்லும்படி விட்டார். இன்று அந்த இடம் முழுக்கத் தைலமரம், அடியில் புல்கூட முளைப்பதில்லை. சென்ற மாதம் ஊருக்குப் போனபோது அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். வீடு திரும்பினால் உங்கள் கடிதம்.

மரபில் வேட்டைக்கு என்ன இடம் என்று கேட்டீர்கள் அல்லவா. புறத்தில் தேடிக்கொண்டிருக்கிறீர்கள், அது அகத்தில் இருக்கிறது. கோவை என்ற வகை காதல் நூல்களில் கலைமான் வினாதல் என்று ஒரு துறை, அதாவது பாட்டுக்கான ஒரு சூழல், உண்டு. தினைப்புனத்தில் நிற்கும் தலைவியிடமும் தோழியிடமும் ஒருவன் வருகிறான். என் அம்பு பட்ட மான் இந்தப் பக்கம் வந்ததா என்று கேட்கிறான். யானையைக் கேட்பதும் உண்டு. சங்கப் பாட்டான குறிஞ்சிப்பாட்டிலும் வில்லோடும் நாய்களோடும் வருகிறவன், நாய்களைக் கண்டு நடுங்கும் பெண்களிடம், தப்பிப்போன விலங்குகளைத்தான் கேட்கிறான். "கெடுதியும் உடையேன்" என்கிறான். இன்று கெடுதி என்றால் தீங்கு. அன்று அதற்குத் தொலைத்த பொருள் என்று அர்த்தம்.

கோவையில் அவன் சொல்வது பொய் என்பது தோழிக்குத் தெரியும், நமக்கும் தெரியும். மானும் இல்லை, யானையும் இல்லை, பெண்ணிடம் பேச ஒரு சாக்கு. நான் பல வருடமாக நினைத்துக்கொண்டிருப்பது அந்தச் சாக்கைப் பற்றித்தான். வழி கேட்கலாம், ஊர் கேட்கலாம், அவற்றுக்கும் தனித்தனித் துறை உண்டு. ஆனால் அந்த வரிசையில் முன்னால் நிற்பது அடிபட்ட விலங்கைக் கேட்பது. அம்பு பட்டதை ஒருவன் தேடாமல் வீட்டுக்குப் போய்விடுவான் என்று அந்தப் பெண்களுக்குத் தோன்றவே தோன்றாது. அதனால்தான் அந்தப் பொய் செல்லுபடியாகிறது. நம் காதல் பாட்டில் அவன் பொய்யாகவாவது தேடிக்கொண்டு வந்தான். நீங்கள் நிஜ மானை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள்.

கடுமையாகச் சொல்லிவிட்டேன். அந்த வரியை மறைக்காமல் எழுதினீர்கள், பலர் எழுத மாட்டார்கள். மூன்று வருடம் வெறுங்கையோடு திரும்பியும் தரையிலேயே உட்கார்ந்திருந்த பொறுமையும் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் மறுநாள், அல்லது அந்த வாரக் கடைசியில், அங்கே திரும்பப் போனீர்களா? கடிதத்தில் இல்லை. போகவில்லை என்றுதான் படுகிறது.

உங்கள் மாநிலத்தில் அடிபட்ட மானைக் கயிறு கட்டிய நாயை வைத்துத் தேடச் சட்டம் இடம் தருகிறது. நாய்க்கு ரத்தம்கூடத் தேவையில்லை. குளம்பிடுக்கில் சுரக்கும் வாசனையே போதும், தூறலிலும் பிடிக்கும். அப்படி நாய் வைத்திருப்பவர்கள் இரண்டு பேருடைய எண்ணையாவது சீசன் தொடங்கும் முன் செல்போனில் போட்டு வையுங்கள். அம்பு விட்ட மறுநாளுக்கு முன்கூட்டியே லீவு சொல்லிவிட்டுப் போங்கள். ஒரு டாய்லெட் பேப்பர் சுருள்.

கறியைப் பற்றி ஒன்று. மான் கொழுப்பு மெழுகுமாதிரி வாயில் அப்பிக்கொள்ளும். சமைக்கும் முன் வெள்ளையாகத் தெரிவதை எல்லாம் சுத்தமாக அரிந்து எடுத்துவிட்டு, மிளகைத் தூக்கலாகப் போடுங்கள். மாமியார் சாப்பிடாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். அவருக்கு அன்று தனியாக ரசம் வைத்துவிடுங்கள்.

அன்புடன்